எல்லா டிஸ்ட்ரோக்களுக்கும் ஒரே அடித்தளத் தரம்: சாத்தியமா, தேவையா?

நிரல்மேடை கேட்கிறார்:

வணக்கம். சி++ மொழியில் எழுதிய ஒரு சர்வர் நிரல். அது உபுண்டு 24.04, டெபியன் 12, ரெட் ஹேட் 8, ஆர்ச், ஆல்பைன் என்ற ஐந்து டிஸ்ட்ரோக்களிலும் (லினக்ஸ் விநியோகங்கள்) ஓட வேண்டும். மூலநிரல் ஒன்றுதான், கர்னலும் ஒன்றுதான். ஆனால் உபுண்டுவில் கட்டிய பைனரியை (ஓட்டத் தயாரான கோப்பை) ரெட் ஹேட் 8-இல் ஓட்டினால் "ஜிலிப்சி_2.38 கிடைக்கவில்லை" என்று நின்றுவிடுகிறது. ஆல்பைனில் கோப்பு கண்ணெதிரே இருக்கிறது, ஓட்டினால் "அப்படி ஒரு கோப்பு இல்லை" என்கிறது. குறியாக்க லைப்ரரியான ஓப்பன்எஸ்எஸ்எல்லின் தலைப்புக் கோப்புகள் டெபியனில் லிப்எஸ்எஸ்எல்-டெவ், ரெட் ஹேட்டில் ஓப்பன்எஸ்எஸ்எல்-டெவல், ஆல்பைனில் ஓப்பன்எஸ்எஸ்எல்-டெவ் என்று மூன்று பெயரில் கிடைக்கின்றன. லைப்ரரி அடைவும் ஆளுக்கொன்று.

ஜிலிப்சி (நிரல்கள் நம்பியிருக்கும் அடிப்படை சி லைப்ரரி) பதிப்பு, இனிட் (சேவைகளைத் தொடங்கி வைக்கும் நிரல்), அடைவு அமைப்பு, பொதி வடிவம் ஆகிய நான்கையும் எல்லா டிஸ்ட்ரோக்களும் ஒப்புக்கொண்டு ஒரு மையத் தரமாக ஏற்றால் இத்தனை பாடு இல்லையே? லினக்ஸ் ஸ்டாண்டர்ட் பேஸ் என்று ஒன்று முன்பு இருந்ததே, அது ஏன் நின்றுபோனது? அதுபோல் இன்னொன்று வரும்வரை இந்த ஐந்தையும் எப்படிச் சமாளிப்பது?

பொதிகட்டி:

லினக்ஸ் ஸ்டாண்டர்ட் பேஸ், சுருக்கமாக எல்எஸ்பி, ஏன் நின்றது என்பதை முதலில் பார்ப்போம். நீங்கள் கேட்கும் நான்கையும் அது ஏற்கெனவே முயன்று பார்த்துவிட்டது.

முதல் பதிப்பு 2001-இல் வந்தது. 2006-இல் ஐஎஸ்ஓ/ஐஇசி 23360 என்று சர்வதேசத் தரமாகவே ஆனது. கடைசிப் பதிப்பு 5.0, 2015 ஜூனில். ஜிலிப்சியில் எந்தெந்தச் சார்புகள் இருக்க வேண்டும், எந்த லைப்ரரி எந்தப் பெயரில் இருக்க வேண்டும், இனிட் ஸ்கிரிப்ட்டின் தலைப்பு வரிகள் எப்படி அமைய வேண்டும் என்பதுவரை அதில் எழுதியிருந்தது. எல்எஸ்பி நிரலுக்கென்று தனி லோடர் (நிரலை நினைவகத்தில் ஏற்றி வைப்பது) பெயர்கூட உண்டு: 64 பிட் இன்டெல் கணினியில் /லிப்64/எல்டி-எல்எஸ்பி-எக்ஸ்86-64.எஸ்ஓ.3.

விழுந்த இடங்கள் என்று மூன்றைச் சொல்வேன்.

ஒன்று, பொதி வடிவம். ரெட் ஹேட்டின் ஆர்பிஎம் என்று எழுதிவிட்டார்கள். டெபியன் ஏலியன் என்ற மாற்றியை வைத்துத்தான் அதற்கு இணங்க முடிந்தது. ஏலியன் கோப்புகளை மாற்றித் தரும். அந்தப் பொதி என்னென்ன சார்ந்திருக்கிறது என்ற தகவலைச் சரியாக மாற்றித் தராது. டெபியனையும் அதன் வழிவந்த டிஸ்ட்ரோக்களையும் வாசலிலேயே நிறுத்திவிட்டு எழுதிய தரம் எப்படிப் பொதுவாகும்?

இரண்டு, வேகம். தரத்தில் ஒரு லைப்ரரியைச் சேர்த்தால் அதன் மேம்பாட்டாளர்கள் கைவிட்ட பிறகும் டிஸ்ட்ரோக்கள் அதைச் சுமக்க வேண்டும். வரைகலை லைப்ரரியான க்யூடி 3 அப்படித்தான் கிடந்தது. 5.0-இல்தான் கழற்றினார்கள்; அதற்குப் பல ஆண்டுகள் முன்பே உலகம் க்யூடி 4-க்கும் 5-க்கும் போய்விட்டது.

மூன்றாவதுதான் எனக்குப் பெரிதாகப் படுகிறது: அதை நம்பி நிரல் எழுதியவர்கள் மிகக் குறைவு. டிஸ்ட்ரோக்கள் சான்றிதழ் வாங்கின, ஆனால் சான்றிதழ் வாங்கிய நிரல்களை விரல்விட்டு எண்ணிவிடலாம். 2015-இல் டெபியன் எல்எஸ்பி இணக்கப் பொதிகளை நீக்கி, எல்எஸ்பி-ரிலீஸ், எல்எஸ்பி-பேஸ் இரண்டை மட்டும் வைத்துக்கொண்டபோது பெரிய எதிர்ப்பு எதுவும் எழவில்லை.

அடைவு அமைப்பு மட்டும் ஓரளவு வெற்றி. 1994-இல் தொடங்கிய அந்தத் தரம் 2015-இல் எஃப்எச்எஸ் 3.0 ஆனது. ஆனால் அதற்குப் பின் நடந்த பெரிய மாற்றம், அதாவது /பின், /எஸ்பின், /லிப் மூன்றையும் /யூஎஸ்ஆர்-க்குள் கொண்டுபோனது, அந்த ஆவணம் சொல்லி நடந்ததல்ல. ஃபெடோரா 17 அதை 2012-இல் ஒரே வெளியீட்டில் முடித்தது. டெபியனில் 2019-இன் பஸ்டர் (பதிப்பு 10) வெளியீட்டில் புதிய நிறுவல்களுக்குத் தொடங்கி, 12-இல் கட்டாயமாகி, 13-இல்தான் பொதிகள் எல்லாம் முழுதாக நகர்ந்தன. ஏன் இத்தனை காலம் என்பதைக் கொஞ்சம் கிட்டப்போய்ப் பார்க்க வேண்டும். டெபியனின் பொதிக்கருவியான டிபிகேஜி, /லிப்/ஃபூ-வும் /யூஎஸ்ஆர்/லிப்/ஃபூ-வும் வேறு வேறு கோப்புகள் என்றே கணக்கு வைத்திருக்கும். /லிப் என்பது வெறும் குறுக்கு இணைப்பு என்று அதற்குத் தெரியாது. 'அ' என்ற பொதியில் /லிப்/ஃபூ என்றிருந்த கோப்பு, அடுத்த வெளியீட்டில் 'ஆ' என்ற பொதிக்கு /யூஎஸ்ஆர்/லிப்/ஃபூ என்று மாறுகிறது என்று வையுங்கள். 'ஆ' முதலில் விரிகிறது, கோப்பு வந்து அமர்கிறது. பிறகு 'அ' புதுப்பிக்கப்படும்போது "பழைய /லிப்/ஃபூ இனி வேண்டாம்" என்று டிபிகேஜி அழிக்கிறது. அழிவது இப்போதுதான் வந்த கோப்பு. பிழைச்செய்தி எதுவும் வராது. அதனால்தான் நீண்ட காலம் பொதிகளுக்கிடையே இப்படிக் கோப்பை நகர்த்தவே தடை வைத்திருந்தார்கள்.

"எல்லாரும் ஒரே அடைவு அமைப்புக்கு மாறுங்கள்" என்று தரத்தில் ஒரே வரியில் எழுதிவிடலாம். அந்த வரிக்குள் இத்தனை வேலை ஒளிந்திருக்கிறது. ஒவ்வொரு டிஸ்ட்ரோவின் பொதிக்கருவியும் வேறு, ஆகவே ஒவ்வொன்றிலும் உடையும் இடமும் வேறு.

பழையகட்டுமனை:

வரலாறு சரி. இப்போது ஐந்து டிஸ்ட்ரோவில் ஓட வைப்பதற்கு வருகிறேன்.

ஜிலிப்சி பின்னோக்கிப் பொருந்தும், முன்னோக்கிப் பொருந்தாது. பழையதில் கட்டியது புதியதில் ஓடும். புதியதில் கட்டியது பழையதில் ஓடாது. காரணம் குறியீட்டுப் பதிப்புகள். நிரலை லைப்ரரிகளோடு சேர்க்கும் லிங்கர், இணைக்கும்போது ஒவ்வொரு சார்புக்கும் அந்தக் கணினியில் உள்ள இயல்புப் பதிப்பின் பெயரைப் பைனரியில் எழுதிவிடுகிறது. நீங்கள் புதிய வசதி எதையும் பயன்படுத்தாவிட்டாலும் அப்படித்தான். இரண்டு இடங்களில் இது எல்லாரையும் பிடிக்கும்:

2.34-இல் பி-த்ரெட் லைப்ரரி முதன்மை லைப்ரரிக்குள் கலந்தது, நிரலைத் தொடங்கி வைக்கும் சார்பும் புதுப் பதிப்பு பெற்றது. ஆகவே 2.34-இலோ அதற்கு மேலோ கட்டிய எந்த நிரலும், வெறும் வெற்று மெயின் ஆனாலும், 2.33-இல் ஓடாது.

2.38-இல் எழுத்தை எண்ணாக்கும் எஸ்டிஆர்டிஓஎல் போன்றவற்றுக்கு சி23 வடிவம் வந்தது. ஜிசிசியின் சி++ தானாகவே ஜிஎன்யூ நீட்டிப்புகளை இயக்கி வைப்பதால், நீங்கள் கேட்காமலேயே அந்தப் புது வடிவத்தோடு இணைகிறது. உங்களுக்கு வந்த 2.38 பிழை பெரும்பாலும் இதுதான்.

உறுதிப்படுத்த, ஆப்ஜ்டம்ப் கருவியைப் பெரிய டி ஆப்ஷனோடு பைனரியின் மேல் ஓட்டி, ஜிலிப்சி_ என்று வரும் வரிகளைப் பிரித்துப் பதிப்பு வரிசையில் அடுக்கிப் பாருங்கள். கடைசி வரியில் இருப்பதுதான் உங்கள் நிரல் ஓடத் தேவையான குறைந்தபட்சம்.

உங்கள் பட்டியலில் ரெட் ஹேட் 8-இல் ஜிலிப்சி 2.28, டெபியன் 12-இல் 2.36, உபுண்டு 24.04-இல் 2.39. ஆகவே 2.28-இல் கட்டுங்கள். பைத்தான் உலகம் செய்வது இதையேதான்: மெனிலினக்ஸ்_2_28 என்ற கன்டெய்னர் படிமம் ஆல்மாலினக்ஸ் 8-ஐ அடிப்படையாகக் கொண்டது. அதில் ஜிசிசி-டூல்செட் கிடைக்கிறது. அதாவது பழைய ஜிலிப்சியின் மேல் புதிய தொகுப்பி. பழைய லிப்எஸ்டிடிசி++ (சி++ மொழியின் அடிப்படை) லைப்ரரியில் இல்லாத பகுதிகளை மட்டும் அது உங்கள் பைனரிக்குள் நிலையாகச் சேர்த்துவிடும். ஆகவே சி++17 எழுதிவிட்டுப் பழைய கணினியில் நிற்குமோ என்ற பயம் வேண்டாம்.

எதைக் கூடவே எடுத்துச் செல்வது, எதை விடுவது என்பதில்தான் பலர் தவறுகிறார்கள்.

ஜிலிப்சியை எடுத்துச் செல்லாதீர்கள். லோடரும் அதுவும் ஒரே பதிப்பாக இருந்தாக வேண்டும். நிலையாக இணைத்தாலும், பயனர் பெயர், ஹோஸ்ட் பெயர் தேடும் என்எஸ்எஸ் பகுதிகளை ஓடும்போது அந்தக் கணினியிலிருந்தே ஏற்ற முயலும். பதிப்பு பொருந்தாவிட்டால் பெயர் தேடல் தோற்கும், சிலநேரம் நிரலே விழும்.

லிப்எஸ்டிடிசி++ கோப்பைப் பக்கத்தில் வைத்து அனுப்புவதும் ஆபத்துதான், குறிப்பாக வரைகலை நிரலில். உங்கள் பழைய கோப்பு முதலில் ஏறிவிடும். பிறகு அந்தக் கணினியின் மீசா வரைகலை டிரைவர் ஏறும்போது அதற்குப் புதியது தேவைப்படும். டிரைவர் ஏறாமல் போய், மென்பொருள் வழி வரைதலுக்கு இறங்கி நத்தை வேகத்தில் ஓடும். மேலே சொன்ன டூல்செட் வழியே நல்லது.

ஓப்பன்எஸ்எஸ்எல்லை நிலையாக இணைத்தே ஆக வேண்டும். ரெட் ஹேட் 8-இன் அடிப்படைத் தொகுப்பில் இருப்பது 1.1, மற்ற நான்கிலும் 3. இரண்டுக்கும் பொதுவான எஸ்ஓ பெயர் (லோடர் தேடும் லைப்ரரிப் பெயர்) கிடையாது. ஆனால் இணைத்த நாள் முதல் அதன் பாதுகாப்பு அறிவிப்புகளைப் பின்தொடர்வது உங்கள் பொறுப்பு. டிஸ்ட்ரோ திருத்தினாலும் உங்கள் பைனரிக்குள் இருப்பது திருந்தாது. இதைத் தயவுசெய்து லேசாக எடுத்துக்கொள்ளாதீர்கள்.

பொதிப் பெயர் வேறுபாட்டுக்கு: கட்டும்போது பொதிப் பெயரைக் கேட்காமல் பிகேஜி-கான்ஃபிக் (லைப்ரரி எங்கே இருக்கிறது என்று சொல்லும் கருவி) பெயரைக் கேளுங்கள். "ஓப்பன்எஸ்எஸ்எல்" என்ற பிகேஜி-கான்ஃபிக் பெயர் ஐந்திலும் ஒன்றே. ஆர்பிஎம் ஸ்பெக் கோப்பில் தேவைகளைப் பொதிப் பெயருக்குப் பதிலாக அந்தப் பெயரிலேயே எழுதலாம். யாரும் கூட்டம் போட்டுத் தீர்மானிக்காமல் நிலைத்த பொதுத் தரம் அது.

ஆல்பைன் தனிக்கதை. அதற்குத் தனியாகக் கட்டுங்கள்.

மெலிவேர்:

பழையகட்டுமனை ஆல்பைனை ஒரே வரியில் தாண்டிவிட்டார். ஆனால் இந்த விவாதத்தின் முடிச்சே அங்கேதான் இருக்கிறது என்பேன்.

"கோப்பு இல்லை" என்று வருவது உங்கள் நிரலைப் பற்றியல்ல. ஒவ்வொரு பைனரிக்குள்ளும் தன்னை ஏற்ற வேண்டிய லோடரின் முழுப்பாதை எழுதியிருக்கிறது. ஜிலிப்சி பைனரியில் அது /லிப்64/எல்டி-லினக்ஸ்-எக்ஸ்86-64.எஸ்ஓ.2. ஜிலிப்சிக்குப் பதில் ஆல்பைன் பயன்படுத்தும் மசல் லைப்ரரி வைத்திருப்பது /லிப்/எல்டி-மசல்-எக்ஸ்86_64.எஸ்ஓ.1. இல்லாத லோடரைத் தேடிய கர்னல் "இல்லை" என்கிறது. ஷெல் அதை உங்கள் கோப்பின் பெயரோடு ஒட்டிக் காட்டுகிறது. ரீட்எல்ஃப் கருவியைச் சின்ன எல் ஆப்ஷனோடு ஓட்டினால் லோடர் பாதை தெரியும். லோடருக்குப் பொய்யாக ஒரு குறுக்கு இணைப்பு போட்டு ஏமாற்ற வேண்டாம்; முதல் குறியீட்டுப் பதிப்பிலேயே தடுக்கி விழும்.

மசலில் கட்டினாலும் மூன்று இடங்களில் நடத்தை மாறும். த்ரெட்டின் இயல்பு ஸ்டாக் அளவு 128 கேபி; ஜிலிப்சியில் வழக்கமாக 8 எம்பி. ஆழமாகத் தன்னையே அழைக்கும் சார்பு உங்கள் நிரலில் இருந்தால் ஆல்பைனில் மட்டும் விழும். லிங்கருக்கு ஸ்டாக்-சைஸ் அளவை 1 எம்பி என்று கொடுத்துவிடுங்கள், மசல் அதை மதிக்கும். இரண்டாவது, 1.2.4-க்கு முந்தைய மசல் டிஎன்எஸ் பதில் பெரிதானால் டிசிபிக்கு மாறாது, ஆல்பைன் 3.18 முதல் அந்தக் குறை தீர்ந்தது. மூன்றாவது, என்எஸ்எஸ் கிடையாது. எல்டாப் (மையப் பயனர் பட்டியல்) வழியாகப் பயனர்களைத் தேடும் நிரலுக்கு இது பெரிய இடி.

இதையெல்லாம் "தரத்தை மீறிய குறை" என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். சின்னக் கன்டெய்னர், நிலையான இணைப்பு, குறைந்த நினைவகம் என்ற தேவைகளுக்காகத் தெரிந்தே எடுத்த முடிவுகள். ஜிலிப்சியே மையத் தரம் என்று எழுதினால் ஆல்பைன் வெளியே நிற்கும். இனிட்டில் சிஸ்டம்டிதான் மையம் என்று எழுதினால் ஓப்பன்ஆர்சி வைத்திருக்கும் ஜென்டூ, ரன்இட் வைத்திருக்கும் வாய்ட், தேவுவான் எல்லாம் வெளியே. ஒன்றாக வேண்டியது நிரலும் அமைப்பும் பேசிக்கொள்ளும் வடிவம். பேசும் லைப்ரரியை ஒன்றாக்கப் போனால் என்ன ஆகும் என்பதற்கு 2024 மார்ச்சில் வெளிவந்த எக்ஸ்இசட் என்ற சுருக்கும் கருவியின் பின்கதவே சாட்சி.

அதன் பாதையைப் பாருங்கள். தொலைக் கணினிக்குள் நுழைய உதவும் ஓப்பன்எஸ்எஸ்எச், தன் மூலத்தில் எக்ஸ்இசட்டின் எல்இசட்எம்ஏ லைப்ரரியைத் தொடவே இல்லை. ஆனால் "நான் தயார்" என்று சிஸ்டம்டிக்குச் சொல்வதற்காக டெபியனும் ஃபெடோராவும் அதன் சர்வரான எஸ்எஸ்எச்டியை லிப்சிஸ்டம்டியோடு இணைத்து ஒட்டுப் போட்டிருந்தன. லிப்சிஸ்டம்டி பதிவேட்டுக் கோப்புகளைச் சுருக்க எல்இசட்எம்ஏவை இழுத்தது. எல்இசட்எம்ஏவின் 5.6.0, 5.6.1 பதிப்புகளுக்குள் பின்கதவு இருந்தது. அந்த ஒட்டு இல்லாத ஆர்ச்சில் எஸ்எஸ்எச்டிக்குள் அந்த லைப்ரரி நுழைய வழியே இல்லை.

இத்தனைக்கும் "தயார்" என்று சொல்ல என்ன வேண்டும்? நோட்டிஃபை_சாக்கெட் என்ற சூழல் மாறியில் ஒரு யூனிக்ஸ் சாக்கெட்டின் பாதை இருக்கும். அது '@' என்று தொடங்கினால் அந்த எழுத்துக்குப் பதில் சுழி பைட்டைப் போட வேண்டும். டேட்டாகிராம் சாக்கெட் திறந்து "ரெடி=1" என்ற பொருளில் ஏழு பைட்டை அனுப்ப வேண்டும். அவ்வளவுதான், எந்த லைப்ரரியும் வேண்டாம். ஓப்பன்எஸ்எஸ்எச் 9.8, 2024 ஜூலையில், இதைத் தன் நிரலுக்குள்ளேயே எழுதிக்கொண்டது.

உங்கள் நிரலிலும் அப்படியே செய்யுங்கள். மாறி இல்லாவிட்டால் பேசாமல் திரும்பிவிடட்டும். ஆல்பைனில் அதே பைனரி மாற்றமின்றி நடக்கும். ஒரு எச்சரிக்கை: யூனிட் கோப்பில் (சிஸ்டம்டிக்கான சேவை அமைப்புக் கோப்பு) வகையை நோட்டிஃபை என்று போட்டுவிட்டு, செய்தியை முதன்மைச் செயல்முறை அனுப்பாமல் அதன் பிள்ளைச் செயல்முறை அனுப்பினால் இயல்பில் சிஸ்டம்டி அதைக் கண்டுகொள்ளாது. வழக்கமான 90 விநாடி காத்திருந்து நிரலைக் கொன்றுவிடும். நோட்டிஃபைஆக்செஸ் அமைப்பை 'ஆல்' என்று மாற்றுங்கள், அல்லது முதன்மைச் செயல்முறையே அனுப்பட்டும்.

பொதிகட்டி:

மெலிவேர் சொல்வதை ஏற்கிறேன், ஒரு திருத்தத்தோடு. நடத்தையை யாரும் சோதிக்காவிட்டால் வடிவம் மட்டும் ஒன்றாக இருந்தும் காப்பாற்றாது. 2022 ஆகஸ்டில் வந்த ஜிலிப்சி 2.36, தன் லைப்ரரிகளைக் கட்டும்போது சார்புப் பெயர்களைத் தேட உதவும் டிடி_ஹாஷ் என்ற பழைய அட்டவணையை விட்டுவிட்டு டிடி_ஜிஎன்யூ_ஹாஷ் மட்டும் வைத்தது. பழைய அட்டவணை அவசியம் என்று பைனரி வடிவத்துக்கான எல்ஃப் தர ஆவணத்தில் எழுத்திலேயே இருக்கிறது. அதை நம்பி நேரடியாகப் படித்த ஒரு விளையாட்டு ஏமாற்றுத்தடுப்பு மென்பொருள் உடைந்தது. டிஸ்ட்ரோக்கள் ஹாஷ்-ஸ்டைலை 'போத்' என்று வைத்து மறுபடி கட்ட வேண்டியதாயிற்று. தரம் இருந்தது, அது மீறப்படுகிறதா என்று வெளியீட்டுக்கு முன் பார்க்கும் சோதனை இல்லை. புதிதாக ஒரு தரத்தை எழுத உட்காருவோர் அந்தச் சோதனைத் தொகுப்பை முதலில் எழுதட்டும்.

நிரல்மேடை:

மிக்க நன்றி. 2.28-இல் ஒன்று, மசலில் ஒன்று என்று இரண்டு பைனரி கட்டிவிடுகிறேன். நிறுவும் ஸ்கிரிப்ட் எந்த டிஸ்ட்ரோ என்று எப்படிக் கண்டுபிடிப்பது? எல்எஸ்பி_ரிலீஸ் கட்டளை போதுமா? நிலையாக இணைத்த ஓப்பன்எஸ்எஸ்எல், சோதனையில் "உள்ளூர் சான்றளிப்பவரைக் காணவில்லை" என்கிறது. அது ஏன்?

உரைக்கோப்பு:

எல்எஸ்பி_ரிலீஸ் வேண்டாம், குறைந்தபட்சக் கன்டெய்னர்களில் அது இருப்பதில்லை. /ஈடிசி/ஓஎஸ்-ரிலீஸ் கோப்பைப் படியுங்கள். அது இல்லாவிட்டால் /யூஎஸ்ஆர்/லிப்/ஓஎஸ்-ரிலீஸ். சிஸ்டம்டி திட்டத்தில் பிறந்தது என்றாலும் சிஸ்டம்டியே இல்லாத ஆல்பைனிலும் இருக்கிறது. பத்துப் பன்னிரண்டு வரிச் சாதாரண உரை என்பதால்தான் எல்லாரும் சண்டையில்லாமல் ஏற்றார்கள்.

படிப்பதில் கவனிக்க வேண்டியவை உண்டு. அது ஷெல் மாறிகளாகவே எழுதப்பட்டிருப்பதால் பலர் புள்ளி போட்டு நேரே ஸ்கிரிப்ட்டுக்குள் இழுக்கிறார்கள். உங்கள் ஸ்கிரிப்ட்டில் 'வெர்ஷன்=3.2' என்று உங்கள் நிரலின் பதிப்பு இருந்தால், இழுத்த மறுகணம் அது "12 (புக்வேர்ம்)" ஆகிவிடும், தரவிறக்க முகவரி உடையும். துணை ஷெல்லுக்குள் இழுத்துத் தேவையான ஒரே மதிப்பை மட்டும் வெளியே எடுங்கள்.

ஐடி என்பதை முதலில் பாருங்கள். தெரியாத பெயர் என்றால் ஐடி_லைக். அது இடைவெளி விட்ட பட்டியல், ஒற்றைச் சொல் அல்ல. ஆல்மாலினக்ஸில் மூன்று சொற்கள் இருக்கும். டெபியனிலேயே ஐடி_லைக் கிடையாது. வெர்ஷன்_ஐடி கட்டாயமில்லை: டெபியனின் டெஸ்டிங்கில் இருக்காது, தொடர்ந்து உருளும் ஆர்ச்சிலும் அதை நம்ப முடியாது. இருந்தாலும் எழுத்தாக ஒப்பிடாதீர்கள், அப்படிச் செய்தால் "10" என்பது "9"-க்கு முன்னால் வந்துவிடும். லினக்ஸ் மின்ட்டில் ஏப்ட் களஞ்சிய வரி எழுதினால் வெர்ஷன்_கோட்நேம் மின்ட்டின் பெயரைத் தரும், உபுண்டு_கோட்நேம்தான் வேண்டியது.

இன்னும் நல்லது, பெயரைக் கேட்காமல் வசதியைக் கேட்பது. சிஸ்டம்டி ஓடுகிறதா? /ரன்/சிஸ்டம்டி/சிஸ்டம் என்ற அடைவு இருக்கிறதா என்று பாருங்கள், சிஸ்டம்டியின் சொந்த லைப்ரரியும் அதைத்தான் பார்க்கிறது. எந்தப் பைனரி? கெட்கான்ஃப் கட்டளையிடம் ஜிஎன்யூ_லிப்சி_வெர்ஷன் கேளுங்கள். 2.28-ஓ மேலோ என்றால் முதலாவது. பிழை வந்தால் மசல் லோடர் இருக்கிறதா என்று பார்த்து இரண்டாவது.

யூனிட் கோப்பு ஒன்றே போதும், /யூஎஸ்ஆர்/லிப்/சிஸ்டம்டி/சிஸ்டம் அடைவில் வையுங்கள். ரெட் ஹேட் 8-இல் சிஸ்டம்டி 239. அதற்குத் தெரியாத அமைப்பு வரியை எச்சரித்துவிட்டுத் தாண்டிப்போகும், நிறுத்தாது. ஆனால் 240-இல் வந்த 'எக்ஸெக்' என்ற வகையைப் போட்டால் அதையும் தாண்டிவிட்டு 'சிம்பிள்' என்று எடுத்துக்கொள்ளும். நிரல் தொடங்காவிட்டாலும் தொடங்கியதாகவே காட்டும். நோட்டிஃபை வைத்திருந்தால் இந்தச் சிக்கல் இல்லை.

சான்றிதழ் பிழைக்குக் காரணம்: ஓப்பன்எஸ்எஸ்எல் எந்த அடைவில் சான்றிதழ் தேட வேண்டும் என்பது அதைக் கட்டும்போதே உள்ளே எழுதப்படுகிறது. உங்களுடையது கட்டிய கன்டெய்னரின் அடைவைத் தேடிக்கொண்டிருக்கிறது. இதிலும் டிஸ்ட்ரோக்கள் முழுதாக ஒன்றுபடவில்லை. இதுதான் உண்மையிலேயே ஒரு பொதுத் தரத்துக்காகக் காத்திருக்கும் இடம் என்பது என் கருத்து. நிரல் தொடங்கும்போது இந்த வரிசையில் தேடி, முதலில் கிடைப்பதை ஏற்றுங்கள்:

/ஈடிசி/எஸ்எஸ்எல்/செர்ட்ஸ்/சிஏ-சர்ட்டிஃபிகேட்ஸ்.சிஆர்டி (டெபியன், உபுண்டு, ஆர்ச், ஆல்பைன்)
/ஈடிசி/பிகேஐ/டிஎல்எஸ்/செர்ட்ஸ்/சிஏ-பண்டில்.சிஆர்டி (ரெட் ஹேட், ஃபெடோரா)
/ஈடிசி/எஸ்எஸ்எல்/சிஏ-பண்டில்.பெம் (ஓப்பன்சூசே)

அதற்கு முன் எஸ்எஸ்எல்_செர்ட்_ஃபைல் சூழல் மாறி இருந்தால் அதையே மதியுங்கள். நிறுவனத்தின் சொந்தச் சான்றிதழைப் பயனர் சேர்க்க வேண்டியிருந்தால், டெபியனில் /யூஎஸ்ஆர்/லோக்கல்/ஷேர்/சிஏ-சர்ட்டிஃபிகேட்ஸ் அடைவில் வைத்து அப்டேட்-சிஏ-சர்ட்டிஃபிகேட்ஸ். ரெட் ஹேட்டில் /ஈடிசி/பிகேஐ/சிஏ-ட்ரஸ்ட்/சோர்ஸ்/ஆங்கர்ஸ் அடைவில் வைத்து அப்டேட்-சிஏ-ட்ரஸ்ட். டெபியனில் கோப்பின் பின்னொட்டு சிஆர்டி என்றே இருக்க வேண்டும். பெம் என்று வைத்தால் உள்ளடக்கம் சரியாக இருந்தாலும் கட்டளை அதைத் தொடாமல் போய்விடும், "0 சேர்க்கப்பட்டது" என்று மட்டும் காட்டும்.